ஈரான் – ஈராக்: ஒருவர் நிறுத்தலாம் என்றால் இன்னொருவர் மாட்டேன் என்ற எட்டு வருடம்

போர்ச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு எரிச்சல் இருக்கும். எந்த ஊர் விழுந்தது, எத்தனை டாங்கி எரிந்தது என்பது ஒரு பக்கத்தில் வரும். எந்த வெளியுறவு அமைச்சர் எந்தத் தலைநகருக்குப் பறந்தார், யாருடன் கைகுலுக்கினார் என்பது வேறொரு பக்கத்தில் வரும். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் எழுதுவார்கள், வேறு வேறு ஆட்கள் படிப்பார்கள். களத்தைப் பற்றிப் பேசுகிறவர் பேச்சுவார்த்தையை ஏளனமாகப் பார்ப்பார், பேச்சுவார்த்தையைப் பற்றிப் பேசுகிறவருக்கு வரைபடம் பிடிபடாது.

அதனால்தான் எனக்கு 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான் – ஈராக் போர் மேல் ஒரு தனி ஈடுபாடு. அது முடிந்துபோன போர். தீர்மானங்கள், கடிதங்கள், பின்னாளில் தலைவர்களே வெளியிட்ட ரகசியங்கள் எல்லாம் கைக்கு எட்டுகின்றன. களத்தின் தேதிகளையும் மேசையின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும்: இந்த எட்டு வருடத்தில் இரண்டு தரப்புமே போரை நிறுத்தத் தயாராக இருந்திருக்கின்றன, ஆனால் கடைசி மாதம் வரை ஒரே சமயத்தில் இல்லை. தோற்கிறவர் நிறுத்தலாம் என்பார், ஜெயிக்கிறவருக்கு அது கேட்காது. அலை திரும்பியதும் வசனங்களை அப்படியே மாற்றிக்கொள்வார்கள்.

முதலில் ஆறு. டைகிரிஸும் யூப்ரடீஸும் குர்னா என்ற இடத்தில் சேர்ந்து, அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடிப் பாரசீக வளைகுடாவில் கலக்கிறது. அரபிகள் ஷத்துல் அரப் என்பார்கள், ஈரானியர்களுக்கு அர்வந்த் ரூத். அதன் கீழ்ப்பகுதிதான் இரு நாட்டுக்கும் எல்லை. ஈராக்கின் பஸ்ரா துறைமுகத்துக்கு இதுதான் வழி, ஈரானின் கோரம்ஷஹர் துறைமுகமும் அபாதான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இதே ஆற்றின் கரையில். ஈராக்குக்குக் கடற்கரையே ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். அந்த நாட்டுக்கு இந்த ஆறு மூச்சுக்குழல்.

1937 ஒப்பந்தப்படி சில இடங்கள் தவிர ஆறு முழுக்க ஈராக்குக்கு, எல்லை ஈரானியக் கரையோரம். அதாவது ஈரானியக் கப்பல் தன் சொந்தத் துறைமுகத்துக்கு வர ஈராக்கின் தண்ணீரில் வர வேண்டும். ஈரானின் மன்னர் ஷா இதை ஏற்கவில்லை. வட ஈராக்கில் குர்துக் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்து பாக்தாத்தின் கழுத்தைப் பிடித்தார். 1975 மார்ச்சில் அல்ஜியர்ஸில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் ஒபெக் மாநாடு நடந்தபோது அல்ஜீரியத் தலைவர் பூமெதியன் ஷாவையும் ஈராக்கின் சதாம் உசேனையும் உட்கார வைத்துப் பேச்சை முடித்தார். கப்பல் போகும் ஆழமான தடத்தின் நடுக்கோடே இனி எல்லை, பதிலுக்கு ஈரான் குர்துகளைக் கைவிடும். சில வாரங்களிலேயே குர்துக் கிளர்ச்சி நொறுங்கியது. அந்தக் குர்துகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு ஹலாப்ஜா என்ற ஊரில் நச்சுவாயுவில் செத்ததும் அவர்கள்தான்.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் சதாம், ஐந்து வருடம் கழித்து 1980 செப்டம்பர் 17 அன்று அது செல்லாது என்று அறிவித்ததும் சதாம். இடையில் ஈரானில் புரட்சி நடந்துவிட்டது. ஷா ஓடிவிட்டார், ராணுவத் தளபதிகள் பலர் சுடப்பட்டார்கள் அல்லது சிறையில் இருந்தார்கள், அமெரிக்கத் தூதரகத்தில் பணயக் கைதிகள் இருந்ததால் அமெரிக்க ஆயுதங்களுக்கு உதிரி பாகமும் கிடையாது. ஈராக்கின் ஷியா மக்களைக் கிளர்ந்தெழச் சொல்லிப் புரட்சித் தலைவர் கொமேனியின் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது அடித்தால்தான் உண்டு என்று சதாம் கணக்குப் போட்டார். செப்டம்பர் 22 அன்று ஈராக்கிய விமானங்கள் ஈரானின் விமானத் தளங்களைத் தாக்கின. 1967இல் எகிப்தின் விமானங்களை இஸ்ரேல் தரையிலேயே அழித்ததுபோல் செய்துவிடலாம் என்ற நினைப்பு. ஆனால் ஈரானிய விமானங்கள் கான்கிரீட் கூடாரங்களுக்குள் பத்திரமாக இருந்தன. மறுநாளே ஈரானின் ஃபாண்டம் விமானங்கள் ஈராக்குக்குள் வந்து குண்டு போட்டன.

சரி, இப்போது மேசைப் பக்கம் வருவோம். செப்டம்பர் 28 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 479ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இரு தரப்பும் மேற்கொண்டு பலத்தைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்றது. படையெடுத்து உள்ளே வந்தவர் திரும்பிப் போக வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை! வந்தவர் வந்த இடத்திலேயே இருக்கலாம், சண்டை மட்டும் வேண்டாம். ஈராக் உடனே ஏற்றுக்கொண்டது. ஏன் ஏற்காது? ஈரான் மறுத்தது. அதற்கப்புறம் பல வருடங்களுக்குப் பாதுகாப்பு கவுன்சில் என்ற பெயரைக் கேட்டாலே தெஹ்ரானுக்குக் கசந்தது. பணயக் கைதிகள் விவகாரத்தால் ஈரானுக்கு அந்த மேசையில் நண்பர் யாரும் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு வரியை விட்டதற்கு எத்தனை வருடம் விலை கொடுத்தார்கள் என்று பார்த்தால் வயிறு எரிகிறது. தீர்மானத்தை ஏற்றதாகச் சொன்ன ஈராக் கோரம்ஷஹர் மீதான தாக்குதலையும் நிறுத்தவில்லை. தெருத்தெருவாக, வீடுவீடாக ஒரு மாதத்துக்கு மேல் சண்டை நடந்து அக்டோபர் இறுதியில் ஊர் விழுந்தது. ஈரானியர்கள் அதற்கு ரத்த நகரம் என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து அபாதான் முற்றுகையில் கிடந்தது, ஆனால் விழவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை, எனக்கு மிகவும் பிடித்தது. போர் தொடங்கிய அன்று ஷத்துல் அரப்பில் பல நாட்டு வணிகக் கப்பல்கள் சரக்கோடு நின்றுகொண்டிருந்தன. வெளியே வர வழியில்லாமல் அப்படியே மாட்டிக்கொண்டன. ஐ.நா. தூதராக அனுப்பப்பட்ட ஸ்வீடனின் ஓலோஃப் பால்மே பெரிய சமாதானத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் இந்தக் கப்பல்களையாவது வெளியே எடுப்போம் என்று முயன்றார். யாருக்கும் நஷ்டமில்லாத காரியம். ஆனால் ஆற்றைத் தூர்வாரும் செலவை யார் கொடுப்பது என்று பேச்சு வந்ததும், செலவு கொடுப்பவருக்குத்தானே ஆறு சொந்தம் என்ற கேள்வி எழுந்து எல்லாம் படுத்துவிட்டது. வரப்புத் தகராறில் வேலிக்குச் செலவு செய்ய இரண்டு பங்காளிகளும் போட்டி போடுவார்களே, அந்தக் கதைதான். லண்டனில் இன்ஷூரன்ஸ்காரர்கள் வேறொரு வழக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்: கப்பலில் ஒரு கீறல் இல்லை, யாரும் பறித்துக்கொள்ளவும் இல்லை, நகர மட்டும் முடியாது, இதை நஷ்டம் என்று சொல்லலாமா? ஒரு வருடம் தாண்டியும் வெளியே வரவில்லையென்றால் நஷ்டம்தான் என்று முடிவாயிற்று. அந்தக் கப்பல்கள் போர் முழுக்க அங்கேயே கிடந்து துருப்பிடித்தன.

1981 கடைசியில் அலை திரும்பியது. அபாதான் முற்றுகை உடைந்தது. 1982 மார்ச்சில் தெஸ்ஃபூல் பக்கம் பெரிய தாக்குதல், ஏப்ரல் – மே மாதங்களில் கோரம்ஷஹரை நோக்கி இன்னொன்று. வழக்கமான ராணுவமும் புரட்சிக் காவல் படையும் பஸீஜ் என்ற தொண்டர் படையும் சேர்ந்து போனார்கள். பஸீஜில் மீசை முளைக்காத பையன்களும் இருந்தார்கள், கண்ணிவெடி வயல்களில் முன்னால் நடந்தார்கள். மே 24 அன்று கோரம்ஷஹர் மீண்டது, ஆயிரக்கணக்கில் ஈராக்கிய வீரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார்கள்.

என்னைக் கேட்டால் இந்தப் போரின் மையம் இந்த 1982 கோடைதான். ஈரான் தன் நிலத்தில் பெரும்பகுதியை மீட்டுவிட்டது. ஜூன் 6 அன்று இஸ்ரேல் லெபனானுக்குள் நுழைந்தது. சதாம் அதைச் சாக்காக வைத்து, நாம் சண்டையை விட்டுவிட்டு அங்கே போவோம் என்று போர்நிறுத்தம் அறிவித்தார், அப்புறம் ஈரானிலிருந்து படைகளைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். அதாவது 1980இல் ஈரான் எதைக் கேட்டதோ, ஏறக்குறைய அது மேசையில் இருந்தது.

ஈரான் என்ன சொன்னது? சதாம் போக வேண்டும், ஆக்கிரமிப்பாளர் யார் என்று உலகம் சொல்ல வேண்டும், நஷ்டஈடு வேண்டும். தெஹ்ரானில் உள்ளே விவாதம் நடந்திருக்கிறது. எல்லையைத் தாண்டுவதில் கொமேனிக்கே முதலில் தயக்கம் இருந்ததாகவும், எல்லைக்கோட்டில் நின்றால் எதிரி மறுபடி படை திரட்டி வருவான் என்று தளபதிகள் வாதாடியதாகவும் அன்றைய நாடாளுமன்றத் தலைவர் ரஃப்சஞ்சானி போன்றவர்கள் பின்னாளில் சொன்னார்கள். போர் தோற்றபின் சொல்லப்படும் கதைகளில் யார் யாரைக் காப்பாற்றப் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் தளபதிகளின் வாதத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தைக் கிழித்தவரின் அடுத்த கையெழுத்தை எதை வைத்து நம்புவது?

நடுவே நின்று உத்தரவாதம் தரக்கூடிய ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இருந்தார். அல்ஜீரியாவின் வெளியுறவு அமைச்சர் முகம்மத் செத்திக் பென்யாஹியா. 1981 ஜனவரியில் அமெரிக்கப் பணயக் கைதிகள் விடுதலையை முடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர், அந்த எல்லையை வரைந்த நாட்டின் பிரதிநிதி, தெஹ்ரான் நம்பிய சில வெளிநாட்டவரில் ஒருவர். 1982 மே 3 அன்று சமரசப் பேச்சுக்காகத் தெஹ்ரானுக்குப் போகும் வழியில், துருக்கி – ஈரான் எல்லையருகே அவர் விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. உடன் வந்த குழுவும் செத்தது. ஈரானும் ஈராக்கும் ஒன்றை ஒன்று கைகாட்டின. ஏவுகணை ஈராக்கிய விமானத்திலிருந்து வந்தது என்பதே அல்ஜீரிய விசாரணையின் முடிவு. கோரம்ஷஹர் மீண்டது அதற்கு மூன்று வாரம் கழித்து. அவர் இருந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சுக்கு ஒரு வாசல் திறந்தபோது, இரு பக்கமும் பேசக்கூடிய ஒரே ஆள் மண்ணுக்குள் இருந்தார்.

ஜூலை 12 அன்று பாதுகாப்பு கவுன்சில் 514ஆம் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. இந்த முறை சர்வதேச எல்லைக்குத் திரும்ப வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது! எங்கள் மண்ணில் அவன் இருந்தபோது வராத வரி, நாங்கள் அவன் மண்ணில் கால் வைக்கப்போகும்போது வருகிறதே என்று ஈரானியர்கள் கேட்டார்கள், அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அடுத்த நாள் ஈரானியப் படை பஸ்ராவை நோக்கி எல்லை தாண்டியது. குத்ஸுக்கு, அதாவது ஜெருசலேமுக்கு, வழி ஈராக்கின் புனித நகரமான கர்பலா வழியாக என்பது அப்போதைய கோஷம். பஸ்ராவுக்கே வழி கிடைக்கவில்லை. முதல் இரண்டு வருடம் அரைமனதாகச் சண்டை போட்ட ஈராக்கிய வீரன் தன் ஊரைக் காக்க நின்றபோது வேறு ஆளாக இருந்தான்.

இந்தப் போர் நம் பக்கமும் ஒரு விதத்தில் வந்தது. அணிசேரா நாடுகளின் 1982 உச்சி மாநாடு பாக்தாத்தில் நடக்க வேண்டியது. ஜூலையில் ஈரானிய விமானப்படையின் அப்பாஸ் தவ்ரான் பாக்தாத் வானத்தில் நுழைந்து குண்டு போட்டு, அடிபட்ட தன் விமானத்தோடு அங்கேயே விழுந்தார். இந்த நகரம் பாதுகாப்பானதில்லை என்று உலகத் தலைவர்களுக்குக் காட்டுவதே நோக்கம். காட்டிவிட்டார். மாநாடு 1983 மார்ச்சில் தில்லிக்கு இடம் மாறியது. இந்திரா காந்தியைக் காஸ்ட்ரோ கட்டிப்பிடித்த அந்தப் புகழ்பெற்ற படம் எடுக்கப்பட்டது அங்கேதான்.

அடுத்த நான்கைந்து வருடங்களை வேகமாகக் கடக்கிறேன், ஏனென்றால் களத்தில் நடந்தது ஒரே காட்சிதான். ஈரான் ஆட்களை அனுப்பும், ஈராக் மண்மேடுகளுக்குப் பின்னால் பீரங்கி வைத்திருக்கும், சதுப்பு நிலத்தில் சில கிலோமீட்டர் கைமாறும். ஈராக்குக்கு சவுதியும் குவைத்தும் பணம் தந்தன, சோவியத்தும் பிரான்ஸும் ஆயுதம் தந்தன, அமெரிக்கா உளவுத் தகவல் தந்தது. அதே அமெரிக்கா 1985 – 86இல் ரகசியமாக ஈரானுக்கும் ஏவுகணை விற்றது வேறு. சிரியா அரபு நாடாக இருந்தும் ஈரான் பக்கம் நின்று, ஈராக்கின் எண்ணெய்க் குழாயை 1982இல் மூடியது.

ரசாயன ஆயுதத்தை மட்டும் வேகமாகக் கடக்கக் கூடாது. 1984 மார்ச்சில் ஐ.நா. அனுப்பிய நிபுணர்கள் களத்துக்கே போய், கடுகு வாயுவும் தாபுன் என்ற நரம்பு நச்சும் பயன்படுத்தப்பட்டதை உறுதி செய்தார்கள். கொப்புளம் வெடித்த உடம்போடு ஈரானிய வீரர்கள் வியன்னா மருத்துவமனைகளில் கிடந்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. பாதுகாப்பு கவுன்சில் ஈராக்கின் பெயரைச் சொல்லிக் கண்டிக்க 1986 மார்ச் வரை ஆனது, அதுவும் தலைவரின் அறிக்கையாக, தீர்மானமாக அல்ல. அதே 1984 நவம்பரில் அமெரிக்கா ஈராக்கோடு தூதரக உறவைப் புதுப்பித்துக்கொண்டது. 1988 மார்ச் 16 அன்று ஹலாப்ஜாவில் சொந்த நாட்டுக் குர்துகள் மீதே ஈராக் நச்சுவாயு வீசும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ரொம்ப தூரம் போக வேண்டாம்.

1986 பிப்ரவரியில் ஈரான் ஒரு நிஜ வெற்றி பெற்றது. இரவில் ஆற்றைத் தாண்டி, குவைத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஈராக்கின் ஃபாவ் தீபகற்பத்தைப் பிடித்தது. குவைத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. எண்ணெய்க் கப்பல்கள் மீதான தாக்குதல் ஏற்கெனவே இரு பக்கமும் நடந்துகொண்டிருந்தது, இப்போது குவைத் தன் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடி கேட்டது. 1987 மே மாதம் ஈராக்கிய விமானம் ஒன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ஸ்டார்க்கை ஏவுகணையால் அடித்து 37 மாலுமிகள் செத்தார்கள். அடித்தது ஈராக். தவறுதலாக என்று மன்னிப்புக் கேட்டது, ஏற்கப்பட்டது. அதன்பின் அமெரிக்கக் கடற்படை வளைகுடாவில் குவிந்தது ஈரானைத் தடுக்க!

வல்லரசுகளின் சொந்தக் கப்பல்கள் அடிபடத் தொடங்கியதும் பாதுகாப்பு கவுன்சிலுக்குத் தூக்கம் கலைந்தது. 1987 ஜூலை 20 அன்று 598ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நான் படித்த தீர்மானங்களில் நன்றாக எழுதப்பட்டவற்றுள் இதைச் சேர்ப்பேன். போர்நிறுத்தமும் எல்லைக்குத் திரும்புவதும் முதல் பத்தியிலேயே ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன, 479இன் ஓட்டை அடைபட்டது. கைதிகள் பரிமாற்றம் இருந்தது. ஆறாவது பத்தியில், போருக்கு யார் பொறுப்பு என்று ஒரு நடுநிலைக் குழு விசாரிப்பது பற்றிப் பொதுச்செயலாளர் இரு தரப்போடும் பேசுவார் என்றது. ஏழாவதில் புனரமைப்பு. ஈரான் ஏழு வருடமாகக் கேட்டதற்கு இவ்வளவு பக்கத்தில் யாரும் வந்ததில்லை. ஈராக் ஏற்றது. ஈரான் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, ஆறாவது பத்தியை முதலில் செய்யுங்கள் என்றது. பொதுச்செயலாளர் பெரெஸ் தெ குயெயார் தெஹ்ரானுக்கும் பாக்தாத்துக்கும் போய்வந்தார். ஒரு வருடம் ஓடியது.

அந்த ஒரு வருடத்தில் களம் தலைகீழானது. 1988 பிப்ரவரி கடைசியிலிருந்து தெஹ்ரான் மீது நூற்றுக்கும் மேற்பட்ட ஏவுகணைகள் விழுந்தன, மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். ஏப்ரல் 17, 18இல் ஈராக் ஃபாவை இரண்டே நாளில் திரும்பப் பிடித்தது. அதே 18ஆம் தேதி வளைகுடாவில் அமெரிக்கக் கடற்படை ஈரானியக் கப்பல்களை மூழ்கடித்தது. ஜூலை 3 அன்று வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் போன ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பலர் இந்த விமானம்தான் ஈரானைப் பணியவைத்தது என்று எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஒரு பட்டியல். கொமேனி தன் ஆட்களுக்கு எழுதிய ரகசியக் கடிதத்தை 2006இல் ரஃப்சஞ்சானி வெளியிட்டார். அதில் புரட்சிக் காவல் படைத் தளபதி மொஹ்சென் ரெஸாயி கேட்டவை வரிசையாக இருக்கின்றன: 350 காலாட்படைப் பிரிகேடுகள், 2,500 டாங்கிகள், 3,000 பீரங்கிகள், 300 போர் விமானங்கள், 300 ஹெலிகாப்டர்கள், போதாததற்கு லேசர், அணு ஆயுதங்கள். அடுத்த ஐந்து வருடத்துக்கு வெற்றி இல்லை, அதற்கப்புறமும் இவையெல்லாம் இருந்தால்தான் தாக்கவே முடியும்! ஜெயிப்போம் ஜெயிப்போம் என்று ஆறு வருடம் சொன்னவர் கடைசியில் எழுதிக் கொடுத்த கணக்கு இது. எந்தச் சமரசத் தூதரும் சொல்ல முடியாததை அவர்கள் தளபதியே சொல்லிவிட்டார்.

ஈரானின் அன்றைய ஜனாதிபதி அலீ கமேனியின் கடிதம் ஐ.நா. பொதுச்செயலாளருக்குப் போனது, ஜூலை 18 அன்று ஈரான் 598ஐ நிபந்தனையின்றி ஏற்றது தெரியவந்தது. விஷக் கோப்பையைக் குடிக்கிறேன் என்று கொமேனி சொன்னது இதைத்தான். சரி, ஈராக் உடனே நிறுத்தியதா? இல்லை. ஒரு வருடமாகத் தயார் தயார் என்ற ஈராக், ஈரான் சரி என்றதும் மறுபடி எல்லை தாண்டி ஈரானின் குஸெஸ்தான் மாகாணத்துக்குள் வந்தது. முதலில் நேரடிப் பேச்சு என்று புது நிபந்தனை வைத்தது. ஆகஸ்ட் 6 அன்றுதான் இறங்கிவந்தது, ஆகஸ்ட் 20 அன்று துப்பாக்கிகள் நின்றன. 1982இல் ஈரான் செய்ததை 1988இல் ஈராக் ஒரு மாதத்துக்குச் செய்து பார்த்தது, அவ்வளவுதான். அதன் கையிலும் அதற்குமேல் தெம்பு இல்லை, கழுத்து வரை கடன்.

ஜெனீவாவில் ஈராக்கின் வெளியுறவு அமைச்சர் தாரிக் அஜீஸும் ஈரானின் வெளியுறவு அமைச்சர் வேலாயத்தியும் உட்கார்ந்தார்கள். ஆற்றைத் தூர்வாருவதில் தொடங்கி, ஆற்றிலேயே பேச்சு நின்றது. இரண்டு வருடம் ஒரு அங்குலம் நகரவில்லை. அப்புறம் 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் குவைத்துக்குள் போனார், உலகமே எதிராகத் திரும்பியது, கிழக்கு எல்லையில் இருந்த படைகள் அவருக்கு வேறிடத்தில் தேவைப்பட்டன. இரண்டு வாரத்துக்குள், அப்போது ஈரானின் ஜனாதிபதியாகியிருந்த ரஃப்சஞ்சானிக்குக் கடிதம்: 1975 எல்லையை ஏற்கிறேன், மீதமிருக்கும் ஈரானிய நிலத்திலிருந்து வெளியேறுகிறேன், கைதிகளை விடுகிறேன். லட்சக்கணக்கானோர் செத்த எட்டு வருடப் போரில் எதற்காகப் படையெடுத்தாரோ அதை ஒரே கடிதத்தில் திருப்பிக் கொடுத்தார். ஈரான் வாங்கிக்கொண்டது, குவைத் விஷயத்தில் அவருக்கு உதவவும் இல்லை.

598இன் ஆறாவது பத்தி மட்டும் மிச்சமிருந்தது. 1991 டிசம்பர் 9 அன்று, பதவிக்காலம் முடிய மூன்று வாரம் இருக்கையில், பெரெஸ் தெ குயெயார் ஒரு சிறிய அறிக்கை கொடுத்தார். 1980 செப்டம்பர் 22 தாக்குதலை சர்வதேசச் சட்டப்படி நியாயப்படுத்த முடியாது, பொறுப்பு ஈராக்குக்கு என்றது அது. லெபனானில் ஈரான் ஆதரவுக் குழுக்கள் பிடித்துவைத்திருந்த கடைசி அமெரிக்கப் பணயக் கைதி விடுதலையாகி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சதாமிடமிருந்தும் பாதுகாப்பு கவுன்சிலிடமிருந்தும் போர் போட்டு வாங்க முடியாத அந்த வாக்கியத்தை ஈரான் பெய்ரூட் வழியாக வாங்கியது. நஷ்டஈடு இன்றுவரை வரவில்லை.